வெயில் வரும் திசையும் வேலை மேசையும்

வீட்டு வேலை மேசையில் கண்ணைக் களைப்பாக்குவனவற்றில் முதலிடம் சன்னலுக்குத்தான். கணினித் திரை அதற்கு அடுத்தே வரும். சராசரி மடிக்கணினி ஒன்றின் திரை, ஒளியை முழுவதும் கூட்டி வைத்தாலும், சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கேண்டெலா அளவுக்கே ஒளிரும். பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கின் மேல் நண்பகலில் நிற்கும் வெண்மேகம் அதே அளவையில் பல ஆயிரங்களைத் தொடும். இரண்டும் ஒரே பார்வைக்குள் விழுந்தால் கண்பாவை வெளிச்சமான பக்கத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது. திரையிலிருந்து கண்ணுக்குள் போகும் ஒளி இன்னும் குறைகிறது. அதோடு, வானத்து ஒளியில் ஒரு பங்கு கண்ணுக்குள்ளேயே சிதறி, குளிர்ந்த கண்ணாடியில் படியும் ஆவிபோல விழித்திரையின் மேல் பரவுகிறது. எழுத்தின் கருமை வெளிறிப்போகிறது. உடம்பு இதை ஈடுகட்டப் பார்க்கிறது: இமை இடுங்குகிறது, கழுத்து முன்னே நீள்கிறது, நெற்றித் தசை இறுகுகிறது. மாலையில் வரும் தலைவலிக்குப் பலர் திரையைக் குற்றம் சொல்கிறார்கள். காலையிலிருந்து அதற்கு நீர் பாய்ச்சியது திரைக்குப் பின்னால் திறந்திருந்த சன்னல்.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பேராக்கின் பல வீடுகளில் சாப்பாட்டு மேசை ஒரே நாளில் அலுவலக மேசையானது. பிள்ளைகளின் வகுப்பறையும் அதே மேசையில்தான். ஆணை முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி தங்கிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தம், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். அலுவலகத்தில் திரைமுன் வேலை செய்வோருக்கென வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2003-இலேயே ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அலுவலகக் கட்டடத்தில் விளக்கையும் திரையையும் நாற்காலியையும் யாரோ ஒருவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார். வீட்டில் அந்த யோசனை முழுவதும் வீட்டுக்காரருடையது.

பேராக்கின் வீடுகள் வெயிலை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டவை. ஈப்போவின் பழைய நகரக் கடைவீடுகள் முன்பக்கம் அஞ்சடி எனப்படும் கூரையிட்ட நடைபாதையும் நடுவில் திறந்த வெளிச்ச முற்றமும் கொண்டவை. ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் தாழ்ந்த துத்தநாகக் கூரை, சிறிய பலகைச் சன்னல், உள்ளே எப்போதும் அரையிருட்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் குடும்பங்கள் வந்து சேர்ந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடுகளோ ஏறக்குறைய 20 அடி அகலமும் 65, 70 அடி நீளமும் கொண்ட குழாய்கள். சன்னல் முன்னும் பின்னும் மட்டுமே, நடுக்கூடம் பட்டப்பகலிலும் விளக்குக் கேட்கும். மூன்று வகை வீட்டிலும் கண்ணின் சிக்கல் ஒன்றே. உள்ளே இருட்டு, வெளியே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு திறப்பு. மெல்ல மெல்ல மாறும் வெளிச்சத்துக்குக் கண் எளிதில் பழகிக்கொள்ளும். இருட்டுச் சுவரில் வெட்டி வைத்தது போன்ற பிரகாசமான சதுரத்துக்கு அதனால் பழக முடியாது.

மேசையை எந்தப் பக்கம் போடுவது என்ற கேள்விக்கு வெயிலின் பாதைதான் விடை சொல்லும். குளிர்நாட்டு நூல்கள் வடக்குச் சன்னலே சிறந்தது என்று எழுதும். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில் நிற்பதால் அது சரி. ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4.6 பாகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் நடுப்பகுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நண்பகலில் அதன் உயரம் 62 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இதன் பலன் பெரியது. 60 செ.மீ. நீண்ட ஒரு சாதாரணக் கூரை இறவாணமே, டிசம்பரிலும் நண்பகல் வெயிலைச் சன்னலில் ஒரு மீட்டருக்கு மேல் மறைத்துவிடும்; ஜூனில் வடக்குச் சுவரில் அந்த நிழல் இன்னும் நீளும். ஆகவே பேராக்கில் வடக்கு, தெற்கு இரண்டும் நல்ல பக்கங்களே. இறவாணம் தடுக்க முடியாத தாழ்ந்த வெயில் கிழக்கிலும் மேற்கிலும்தான் நுழைகிறது.

அது எந்த மணிக்கு நுழைகிறது என்பதில் இந்நாட்டுக் கடிகாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. ஈப்போவின் தீர்க்கரேகைக்கு உண்மையான நண்பகல் இப்போது சுமார் 1 மணி 15 நிமிடத்துக்கே வருகிறது. எனவே காலை 9 மணிக்கு வேலை தொடங்கும்போது சூரியன் இன்னும் சுமார் 26 பாகை உயரத்தில்தான் இருக்கும். கிழக்குச் சன்னலருகே மேசை போட்டவருக்கு முதல் ஒன்றரை மணி நேரம் தொல்லை. மாலை 5 மணிக்கு மேற்கில் சுமார் 34 பாகை, 6 மணிக்கு சுமார் 19 பாகை. வேலை முடியும் நேரம், கண் ஏற்கெனவே களைத்திருக்கும் நேரம், அப்போதுதான் மேற்கு வெயில் திரையின் மேல் நேராக விழுகிறது. கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மலை சற்று முன்னதாகவே வெயிலை மறைத்துவிடும். சமவெளியான தெலுக் இந்தான் பக்கம் அந்த உதவியும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், கிழக்கறையே மேல்.

அறை எதுவானாலும் ஒரு விதி மாறாது: திரையும் சன்னலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அதாவது சன்னல் உட்காருபவரின் இடப்புறமோ வலப்புறமோ இருக்கவேண்டும். சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் முன்சொன்ன வானத்தொல்லை. சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அதே வானம் திரையில் பிரதிபலிக்கும். சரிபார்க்கக் கருவி வேண்டாம். திரையை அணைத்துவிட்டு வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். சன்னல், விளக்கு, வெள்ளைச் சட்டை என அதில் பளிச்சென்று தெரிவது ஒவ்வொன்றும் வேலை நேரம் முழுவதும் எழுத்தின்மேல் படிந்திருக்கும் ஒளி. இந்தச் சோதனையைக் காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மூன்று தடவை செய்வது நல்லது. வரிசை வீட்டின் முன்னறையில் இது எதிர்பாராத ஒன்றையும் காட்டிக்கொடுக்கும்: முன்கூரையின் கீழோ எதிர்ச் சாலையோரத்திலோ நிற்கும் காரின் முன்கண்ணாடி. சூரியன் வீட்டுக்குப் பின்னால் இருந்தாலும் அந்தக் கண்ணாடி அதை அறைக்குள் திருப்பியனுப்பும்.

இடமில்லாத வீட்டில் மேசையை நகர்த்த முடியாமல் போகலாம். அப்போது வெளிச்சத்தைத்தான் நகர்த்தவேண்டும். பலர் மெல்லிய வெள்ளைத் துணித்திரை போடுகிறார்கள்; நேர்வெயில் படும் சன்னலில் அது பயன்படாது, துணியே ஒரு பெரிய விளக்காகிவிடும். கண்ணாடிப் பலகைகளை அடுக்கிய பழைய நாக்கோ சன்னலும் இப்படித்தான். ஒவ்வொரு பலகையும் ஒரு கோணத்தில் வானத்தைப் பிடித்துத் தருகிறது. தடுப்பு வெளியே இருப்பதே சிறந்தது. அஞ்சடிகளிலும் வீட்டுத் தாழ்வாரங்களிலும் தொங்கும் மூங்கில் திரை இதற்கு மிகப் பொருத்தமான கருவி: வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே நிற்கிறது, வெப்பமும் வெளியிலேயே தங்குகிறது, காற்று மட்டும் உள்ளே வருகிறது. விலை கூடிய எந்தத் திரைச்சீலையும் இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்வதில்லை. மரநிழலும் உதவும், ஆனால் எல்லா மரமும் ஆண்டு முழுவதும் உதவாது. எஞ்சியிருக்கும் பால்மர (ரப்பர்) காட்டையொட்டிய வீடுகளில் பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்க்கும்போது அதுவரை பச்சை நிழலாக இருந்த சன்னல் திடீரென்று வெள்ளையாகும். அந்த வாரங்களுக்கென மேசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

திரைக்குப் பின்னுள்ள சுவரும் கவனிக்கத்தக்கது. அது மினுமினுக்காத வெளிர் நிறமாக இருந்தால் திரைக்கும் அறைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறையும். லயங்களின் பழைய சுண்ணாம்புப் பூச்சு இதற்கு நல்ல உதாரணம். எண்ணெய்ச் சாய மினுக்கு அப்படியல்ல.

இரவுக்கும், பிற்பகல் இடிமழையில் அறை இருண்டுபோகும் நேரத்துக்கும், விளக்கு வேண்டும். படிக்கவும் எழுதவும் மேசைமேல் 300 முதல் 500 லக்சு போதும். எளிய அளவுகோல் ஒன்று: ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடித்தால், தாளும் திரையில் தெரியும் வெள்ளைப் பக்கமும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியவேண்டும். தாள் சாம்பலாகத் தெரிந்தால் அறை இருட்டு அல்லது திரை அளவுக்கு மீறிப் பிரகாசம். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் திரையை மட்டும் பார்க்கும் பழக்கம் இந்தச் சோதனையில் முதலிலேயே தோற்றுவிடும். மேசை விளக்கின் குமிழ் கண்ணுக்கு நேராகத் தெரியாமல், எழுதும் கைக்கு எதிர்ப்புறமிருந்து ஒளி விழவேண்டும். மலாயில் ‘கலிமந்தாங்’ எனப்படும் பழைய குழல்விளக்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். பெரும்பாலோர் கண்ணுக்கு அது தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும். மலிவான எல்.இ.டி. விளக்குகளிலும் இந்தத் துடிப்பு உண்டு. கைப்பேசிக் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதை வேலை மேசைக்குமேல் மாட்டாமலிருப்பது நல்லது.

அடுத்தது தூரம். அருகிலுள்ளதைப் பார்க்க, கண்ணுக்குள்ளிருக்கும் சிலியரித் தசை சுருங்கி விழிலென்சை உருட்டையாக்குகிறது. அந்த உழைப்பை டயாப்டரில் அளப்பார்கள். மீட்டரில் உள்ள தூரத்தால் 1-ஐ வகுத்தால் கிடைப்பது அது. 30 செ.மீ.யில் பிடித்த கைப்பேசிக்கு 3.3 டயாப்டர், 60 செ.மீ.யில் உள்ள கணினிக்கு 1.7, ஆறு மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கண்ணிடம் மொத்தம் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதை வயது தீர்மானிக்கிறது. பரிசோதகர்கள் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு: வயதை 0.3-ஆல் பெருக்கி 18.5-இலிருந்து கழிக்கவேண்டும். 20 வயதில் 12.5 டயாப்டர், 40-இல் 6.5, 50-இல் 3.5. கையிருப்பில் பாதியை மட்டுமே நாள் முழுவதும் சிரமமின்றிச் செலவிட முடியும். 50 வயதுக்காரரிடம் அந்தப் பாதி 1.75 டயாப்டர், தூரமாக்கினால் 57 செ.மீ. திரை ஒரு கை நீட்டும் தூரத்தில், 50 முதல் 70 செ.மீ.க்குள் இருக்கட்டும் என்ற அறிவுரையின் காரணம் இந்தக் கணக்கில் தெரிகிறது. எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்கவேண்டும். முகத்தைத் திரையருகே கொண்டுபோகக் கூடாது.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. படிக்கும் கண்ணாடி பெரும்பாலும் 40 செ.மீ.க்குச் செய்யப்படுவது, திரை அதற்கு அப்பால் இருப்பதால் மங்கும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவரோ கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னே சாய்த்தபடி மணிக்கணக்கில் இருப்பார், கழுத்து வலிக்கும். மேசையில் திரை எத்தனை செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று நாடாவால் அளந்து, அந்த எண்ணைப் பரிசோதகரிடம் சொல்லி, அதற்கென ஒரு கண்ணாடி செய்துகொள்வதே தீர்வு. இந்த ஒரு எண்ணைத் தெரியாமல் கண்ணாடிக் கடைக்குப் போவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

மடிக்கணினியின் அமைப்பே கண்ணுக்கும் கைக்கும் பகையானது. விசைகள் கைக்கு எட்டினால் திரை தாழ்ந்தும் அருகிலும் இருக்கும். திரையை உயர்த்தினால் கையைத் தோள்வரை தூக்க வேண்டிவரும். தனி விசைப்பலகை ஒன்றை வாங்கி, மடிக்கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும். வீட்டு மேசைக்குச் செலவிடக்கூடிய பணத்தில் மிக நன்றாகச் செலவாவது இந்த விசைப்பலகைக்கே. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். 60 செ.மீ. தூரத்தில் திரையின் நடுப்பகுதி கண்ணைவிட 16 முதல் 22 செ.மீ. தாழ்ந்திருந்தால் பார்வை 15 முதல் 20 பாகை கீழ்நோக்கும்.

இந்தக் கீழ்நோக்கு கழுத்துக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல. கீழே பார்க்கும்போது மேலிமை இறங்கி, காற்றுபடும் விழிப்பரப்பு சுருங்குகிறது. விழியை மூடியிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் அடியில் சளிப்பொருளும் நடுவில் நீரும் மேலே மெல்லிய எண்ணெயும் உண்டு. எண்ணெய் நீரை ஆவியாகவிடாமல் காக்கிறது. அந்த எண்ணெயை இமை விளிம்பின் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து பிழிந்து பரப்புவது இமைப்பு. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கும் கண், திரைமுன் அதில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைக்கும்போதும் பாதியளவே மூடுகிறது. படலம் கிழிகிறது, கண் உறுத்துகிறது, பின்பு முரணாக நீர் வடிகிறது. கண்ணில் நீர் வடிவதால் வறட்சி இல்லை என்று நினைப்பது பரவலான தவறு.

பேராக்கின் காற்று ஈரமானது, கண் எப்படி வறளும் என்று தோன்றலாம். காரணம் கூரையில் சுழலும் மின்விசிறியும் சுவரிலுள்ள குளிர்சாதனமும். விசிறி, ஈரக்காற்றையே ஆனாலும், இடைவிடாமல் விழிமேல் அடிக்கிறது. குளிர்சாதனம் அறையின் ஈரத்தையே நீராக வெளியே வடிக்கிறது. பல வீடுகளில் மாடியின் பின்சுவரில் சொட்டும் அந்தத் தண்ணீர், அறைக்காற்றிலிருந்து கறந்தது. நின்று சுழலும் விசிறியை முகத்துக்கு நேரே வைக்காமல் முதுகுப்புறமோ காலருகிலோ வைப்பதும், குளிர்சாதனத்தின் தகடுகளை மேல்நோக்கித் திருப்புவதும் காசில்லாத வைத்தியம். கொசுவர்த்திப் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் வேலை மேசையுள்ள அறையில் தங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. 2015-லும் 2019-லும் வந்தது போன்ற புகைமூட்ட நாள்களில் சன்னலைச் சாத்தி, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பயன்படுத்தலாம். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்படுவோர் காப்புமருந்து கலக்காத வகையைக் கேட்டு வாங்கவேண்டும். கண்சிவப்பை நொடியில் வெளுக்கும் சொட்டுகள் வேறு. அவற்றைத் தொடர்ந்து விட்டால் சிவப்பு முன்பைவிடக் கூடித் திரும்பும்.

இடைவேளைக்கு உலகம் முழுவதும் சொல்லப்படுவது 20-20-20 என்ற விதி: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது. கலிபோர்னியாவின் கண்பார்வைப் பரிசோதகர் ஜெஃப் ஆன்ஷல் 1990களில் இதைப் பரப்பினார். ஈப்போவின் குனோங் ராப்பாட் பகுதிச் சுண்ணாம்புக் குன்றுகள் சன்னலில் தெரிகிற வீடு பாக்கியம்தான், ஆனால் கண்தசைக்குக் குன்றும் எதிர்வீட்டுக் கதவும் ஏறக்குறைய ஒன்றே. ஆறு மீட்டரைத் தாண்டினால் தசை தளர்ந்துவிடும். பழைய தோட்ட வேலையோடு ஒப்பிட்டால் இந்த விதி எதை ஈடுசெய்கிறது என்று விளங்கும். பால்வெட்டும் நுண்ணிய அருகுவேலைதான். விடியுமுன், தலைவிளக்கின் ஒளியில், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவவேண்டும், உள்மரம் காயப்படக் கூடாது. ஆனால் ஒரு வெட்டு முடிந்ததும் வெட்டுபவர் நிமிர்ந்து, சில மீட்டர் தள்ளியுள்ள அடுத்த மரத்தைப் பார்த்து நடந்தார். நூற்றுக்கணக்கான மரங்களுக்கு இது தொடர்ந்தது. கண்தசை ஒவ்வொரு மரத்துக்கும் இறுகித் தளர்ந்தது. கணினி மேசையில் அந்த அடுத்த மரம் இல்லை. தண்ணீர்க் குவளையை மேசையில் வைக்காமல் அடுக்களையில் வைத்தால், கடிகாரம் பார்க்காமலே எழுந்து நடக்கும் காரணம் ஒன்று கிடைக்கும்.

நீலஒளி தடுக்கும் கண்ணாடிகள் மலேசியக் கடைகளில் நன்றாக விற்கின்றன. 2023-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் திறனாய்வு, 17 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, கணினியால் வரும் கண்களைப்பைக் குறுகிய காலத்தில் இக்கண்ணாடிகள் சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று முடித்தது. திரையிலிருந்து வரும் நீலஒளி, சன்னல் வழியே வரும் பகலொளியில் உள்ளதோடு பார்க்க மிகச் சிறியது. அந்தப் பணத்துக்கு ஒரு மூங்கில் திரையும் ஒரு விசைப்பலகையும் வாங்கலாம்.

பிள்ளைகளும் அதே மேசையில் படித்தால் இன்னொரு கணக்கு சேர்கிறது. வளரும் கண் நீளவாக்கில் கூடுதலாக வளர்ந்தால் கிட்டப்பார்வை வரும்; வெளியில் பகலொளியில் செலவிடும் நேரம் அதன் தொடக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான பரிந்துரை. நேர்வெயில் தேவையில்லை. மரநிழலில்கூடப் பல ஆயிரம் லக்சு உண்டு, மிக நன்றாக விளக்குப் போட்ட கூடத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு இராது. வெயிலும் தூசியும் நீண்டகாலம் பட்ட மூத்த தோட்டத் தொழிலாளர் பலர் கண்ணின் மூக்கோரத்தில் சதை வளர்ந்திருப்பது புறஊதாக் கதிரோடு தொடர்புடையது. பிள்ளைகள் வெளியில் இருக்கும்போது தொப்பியும் நிழலும் வேண்டுவது அதற்காகத்தான்.

மேசையைச் சரிசெய்தும் தீராத மங்கலுக்கு மேசை காரணமாக இராது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாக இந்தியரிடையே அது மிக அதிகம். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது விழிலென்சின் நீரளவு மாறி, பார்வை காலையில் ஒருவிதமாகவும் மாலையில் ஒருவிதமாகவும் இருக்கும். அதைத் திரைக்களைப்பு என்று எண்ணி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோர் உண்டு. கண்ணாடியின் எண் அடிக்கடி மாறினால் முதலில் சர்க்கரையைச் சோதிக்கவேண்டும். விழித்திரைப் பாதிப்போ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தராது. நீரிழிவு உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ளவேண்டும், அரசுச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் அந்தக் கேமரா இருக்கிறது. கண்ணில் மின்னல்போல் வெட்டுதல், திடீரெனக் கறுப்புப் புள்ளிகள் மிதத்தல், பார்வையின் ஓரத்தில் திரை விழுதல், வலியோடு சிவத்தல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த நாளுக்குத் தள்ளாமல் கண் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஈப்போவில் அது ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை.